யார் தீர்மானிப்பது?

(வானொலி மறையுரை)



கன்னி மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழாவை இன்று சிறப்பிக்கிறோம். யூதேய மலைநாட்டு வீடொன்றில் நான்கு பேர் சந்தித்துக் கொள்கிறார்கள். இருவர் தாய்மார், இருவர் இன்னும் பிறக்காத குழந்தைகள். நற்செய்தியாளர் லூக்கா இந்த நால்வரில் எவரையும் மறக்கவில்லை. இன்று நாம் சிந்திக்கப்போகும் கேள்விக்கும் இந்தப் பார்வை தேவைப்படுகிறது. கருக்கலைப்பை எந்த அளவுக்குத் தடைசெய்வது என்று ஒரு நாட்டில் யார் தீர்மானிக்க வேண்டும்? நீதிபதிகளா, நாடாளுமன்றமா, மக்களா, மருத்துவரா, அந்தப் பெண்ணா?

நாடுகள் இதற்கு வெவ்வேறு வழிகளில் விடை தேடியிருக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1973ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ‘ரோ எதிர் வேட்’ வழக்கில் கருக்கலைப்பு அரசியலமைப்பு தரும் உரிமை என்றது. 2022 ஜூன் 24 அன்று அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, முடிவை மாநிலங்களிடம் ஒப்படைத்தது. நம் இந்தியாவில் 1971இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. 2021இல் அதைத் திருத்தியதும் நாடாளுமன்றமே. அயர்லாந்தோ மக்களிடமே வாக்குக் கேட்டது. நம் மறைபரப்பாளர்கள் பலரை அனுப்பிவைத்த கத்தோலிக்க நாடு அது. அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

அயர்லாந்தில் 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி கருக்கலைப்பு ஏற்கெனவே குற்றம்தான். ஆயினும், அமெரிக்காவில் நடந்ததுபோல நீதிமன்றம் ஒருநாள் அதை மாற்றிவிடலாம் என்று பலர் அஞ்சினார்கள். எனவே 1983 செப்டம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. கருவிலுள்ள குழந்தைக்கு வாழ்வுரிமை உண்டு, தாய்க்கும் அதற்குச் சமமான வாழ்வுரிமை உண்டு என்னும் எட்டாவது திருத்தம், 66.9 விழுக்காடு ஆதரவுடன் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது.

கொள்கை எழுதப்பட்டது. ஆனால் தாயின் உயிருக்கு ஆபத்து வரும்போது மருத்துவர் என்ன செய்யலாம் என்று எந்தச் சட்டமும் விளக்கவில்லை. 1992இல் பாலியல் வன்முறையால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கு நீதிமன்றம் சென்றது. தாயின் உயிருக்கு உண்மையான ஆபத்து இருந்தால் கருக்கலைப்புக்கு இடமுண்டு, அவள் தற்கொலை செய்துகொள்ளும் ஆபத்தும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் நாடாளுமன்றம் விதிமுறைகளை எழுதியிருக்க வேண்டும். 21 ஆண்டுகள் எழுதவில்லை. இதற்கிடையில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் யாரிடமும் சொல்லாமல் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்றார்கள்.

அந்த இடைவெளியில்தான் சவிதா ஹலப்பனவர் இறந்தார். அவர் கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர், வயது 31. 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பிணியாக, கால்வே நகரில் மருத்துவமனையில் சேர்ந்தார். கரு தங்காது என்பது தெரிந்துவிட்டது. கருவை அகற்றும்படி அவர் கேட்டார். குழந்தையின் இதயத்துடிப்பு இருப்பதால் இயலாது என்றார்கள். ஒரு வாரத்துக்குள், அக்டோபர் 28 அன்று, இரத்தத்தில் பரவிய நோய்த்தொற்றால் அவர் உயிரிழந்தார். தொற்றை உரிய நேரத்தில் கண்டு கவனிக்கத் தவறினார்கள் என்று விசாரணை சொன்னது. சட்டத்தின் தெளிவின்மையும் மருத்துவர்களைத் தயங்க வைத்தது என்றது.

அன்பார்ந்தவர்களே, இங்கே நம் திருஅவையின் போதனையைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். குழந்தையைக் கொல்வதை நோக்கமாகக் கொண்ட செயலைத் திருஅவை எந்நாளும் ஏற்பதில்லை. ஆனால் கடும் நோயுற்ற தாய்க்குத் தேவையான சிகிச்சையை அளிக்கும்போது, விரும்பாமலேயே குழந்தை இறக்க நேர்ந்தாலும், அந்தச் சிகிச்சையைத் திருஅவை தடுப்பதில்லை. தாயின் உயிரைவிடக் குழந்தையின் உயிர் மேலானது என்று திருஅவை கற்பித்ததில்லை என்பதை அயர்லாந்து ஆயர்களும் அந்நாள்களில் தெளிவுபடுத்தினார்கள். வாழ்வைக் காக்க எழுதப்படும் சட்டம், தாயைக் காக்க மருத்துவர் கையை நீட்டும்போது அவரை நடுங்க வைக்கக் கூடாது.

2013இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பின்னர் 99 குடிமக்களைக் கொண்ட மக்கள் மன்றம் ஒன்று, மருத்துவர்கள், சட்ட வல்லுநர்கள், இரு தரப்பு அமைப்புகள், பெண்கள் எனப் பலரின் கருத்தையும் மாதக்கணக்கில் கேட்டது. இறுதியாக 2018 மே 25 அன்று மக்கள் மீண்டும் வாக்களித்தார்கள். 66.4 விழுக்காட்டினர் எட்டாவது திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள். டொனெகால் தொகுதி மட்டுமே அதைக் காக்க விரும்பியது. 2019 ஜனவரி முதல் 12 வாரங்கள் வரை அங்கே கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. மனச்சான்றின்படி மறுக்கும் மருத்துவர் விலகி நிற்கலாம். ஆனால் நோயாளியை வேறொரு மருத்துவரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

நீக்க வேண்டும் என்றவர்களின் வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஒரு பெண்ணின் உடல், அவளது உடல்நலம், அவளது துயரம் பற்றிய முடிவை அவளும் அவளுடைய மருத்துவரும் எடுக்கட்டும்; அரசியலமைப்பின் ஒற்றை வாக்கியம் எடுக்க வேண்டாம் என்றார்கள். நம் பதில் என்ன? அந்த அறையில் மூன்றாவது ஓர் உயிரும் இருக்கிறது. அதற்காகப் பேச யாருமில்லை. ஆகவேதான் சட்டம் பேச வேண்டியிருக்கிறது என்கிறோம்.

அப்படியானால் யார் தீர்மானிப்பது? புனித இரண்டாம் யோவான் பவுல் 1995இல் எழுதிய ‘வாழ்வின் நற்செய்தி’ மடல் இரண்டு உண்மைகளைச் சேர்த்தே சொல்கிறது. ஓர் உயிரின் மதிப்பை வாக்கு எண்ணிக்கை உண்டாக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை. 1983இல் 66.9 விழுக்காடு கிடைத்ததால் குழந்தைக்கு மதிப்பு வந்துவிடவில்லை, 2018இல் 66.4 விழுக்காடு எதிர்த்ததால் அது போய்விடவுமில்லை. அதே வேளையில், சட்டத்தை எழுதும் பணி மக்களுக்கும் அவர்கள் தேர்ந்த உறுப்பினர்களுக்கும் உரியது. தீய சட்டத்தை முழுவதும் நீக்க இயலாதபோது, தன் எதிர்ப்பைத் தெளிவாக்கிவிட்டு, தீமையைக் குறைக்கும் சட்டத்தை உறுப்பினர் ஒருவர் ஆதரிக்கலாம் என்றும் அம்மடல் கற்பிக்கிறது. ஆகவே மக்களாட்சியில் நமக்குள்ள வழி, பிறர் மனத்தை வெல்வதே. அயர்லாந்தில் சட்டம் 35 ஆண்டுகள் நிலைத்தது. மனங்கள் அதற்குள் விலகிப் போயிருந்தன.

மனங்கள் எங்கே வெல்லப்படுகின்றன? பங்கில்தான். திருமணமாகாமல் கருவுற்ற பெண்ணை நாம் எப்படிப் பார்க்கிறோம்? மூன்றாவதும் பெண் குழந்தை என்று கலங்கும் தாய்க்கு யார் துணை? மரியா எலிசபெத்துடன் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். நாம் மூன்று நாள் தங்குவோமா?

இந்த மறையுரையைக் கேட்பவர்களில் கருக்கலைப்பின் வேதனையைச் சுமப்பவர்களும் இருக்கலாம். சகோதரியே, உமக்குக் கதவு திறந்தே இருக்கிறது. இப்பாவத்தை ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எல்லா அருள்பணியாளர்களுக்கும் நிலையாக வழங்கினார். அஞ்ச வேண்டாம், வாரும்.

வாழ்வின் ஆண்டவரே, பிறக்கக் காத்திருக்கும் குழந்தைகளையும் அவர்களைச் சுமக்கும் தாய்மாரையும் ஒருசேரக் காத்தருளும். சட்டம் எழுதுவோர்க்கு ஞானத்தையும், எங்களுக்கு இரக்கத்தையும் தாரும். ஆமென்.