தோளுக்கேற்ற துவக்கு

செருப்பு வாங்கச் செல்பவர் சோடியிற் காலை நுழைத்து, நாலடி நடந்து பார்த்த பின்னரே பணப்பையைத் திறக்கிறார். சட்டை தைக்கக் கொடுப்பவர் தையற்காரர் முன் கைநீட்டி நிற்கிறார். ஆயின் துவக்கு வாங்குவோருட் பலர் குழலின் பளபளப்பிலும் மரத்தின் வேலைப்பாட்டிலும் மயங்கி உடனே விலை பேசிவிடுகின்றனர். துவக்கும் உடம்புக்கு அளவு பார்த்து வாங்கவேண்டிய பொருளே என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலே நாம் நேரிற் கண்டோம்.

அங்கே வைத்தியராகக் கடமையாற்றி இளைப்பாறிய எமது நண்பருக்கு, வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் ஆசை பிறந்தது. அந்நாட்டில் பொலிசாரின் சான்றிதழ் இன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். சான்றிதழைப் பெற்றுக்கொண்ட நண்பர், பழைய துவக்குகளை விற்பதோடு சுட்டுப் பார்க்கவும் இடமளிக்கும் ஒரு பயிற்சி நிலையத்துக்கு எம்மையும் அழைத்துச் சென்றார்.

அங்கே மேசைமீது மூன்று துவக்குகள் வைக்கப்பட்டன. மூன்றும் 12 போர் துவக்குகள். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று எவ்வளவு பருமனோ அவ்வளவே குழலின் உள்விட்டம். அதனாலேயே அப்பெயர் வந்தது.

முதலாவது துவக்கு, பூவேலை செதுக்கப்பட்ட பழைய இரட்டைக்குழல். நண்பரின் கண் அதனைவிட்டு அகலவில்லை. முதிய பயிற்சியாளரோ குழலைக் கழற்றி அடிப்புறத்து முத்திரைகளைக் காட்டினார். பேர்மிங்ஹாமில் 1813ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சோதனைச் சாலையில், வழக்கத்தினும் மிகுந்த மருந்தை வெடிக்கச் செய்து, குழல் தாங்கினால் மாத்திரமே அம்முத்திரை பொறிக்கப்படும். அத்துவக்கின் தோட்டா அறை 65 மில்லிமீற்றர் நீளமுடையது. இக்காலத்துத் தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீற்றர். இந்த அளவு வெடித்து விரிந்த தோட்டாவின் அளவு. வெடிக்குமுன் வாய் மடிந்திருப்பதால், நீளத் தோட்டாவும் குறுகிய அறையினுள் எவ்விதத் தடையுமின்றி நுழைந்துவிடும். வெடிக்கும்போது வாய் முற்றாக விரிய இடமின்றி அமுக்கம் அபாயகரமாக ஏறும். முத்திரையை வாசிக்கத் தெரியாதவன் கையில் அழகிய துவக்கும் ஆபத்தே. உரிய குறுந்தோட்டாக்களையே இட்டுப் பயிற்சியாளர் அதனை நண்பரிடம் கொடுத்தார்.

பதினாறு யார் தொலைவில் வெள்ளை பூசிய பெரிய இரும்புத் தட்டொன்று நின்றது. அதன் நடுப்புள்ளியைப் பார்த்துச் சுடவேண்டும். சன்னங்கள் பட்ட இடம் கரும்புள்ளிகளாகத் தெரியும். உடனே தூரிகையால் வெள்ளையடித்துவிட்டு அடுத்த வெடிக்கு ஆயத்தமாவர். நடுவிலிருந்து ஓரங்குலம் விலகினால், பிடங்கின் அளவில் அங்குலத்தின் பதினாறிலொரு பங்கு மாற்றம் வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. பிடங்கு மிக நீளமாயின் தோளுக்கு உயர்த்தும்போது அக்குளில் இடறும். குறுகினால் பெருவிரல் மூக்கில் இடிக்கும். கன்னம் படியும் மேல்விளிம்பு உயர்ந்தால் சன்னமும் உயர்ந்து செல்லும்.

பூவேலைத் துவக்கின் சன்னங்கள் இடப்புறம் விலகின. இரண்டாவது துவக்கு மிக இலகுவானது. அதன் உதைப்பு பொல்லாதது. நண்பர் தோளைத் தடவிக்கொண்டார். அதுவும் இடப்புறமே. மூன்றாவது அலங்காரமற்ற, மேலும் கீழுமாகக் குழல்கள் அமைந்த கனமான துவக்கு. உதைப்பு மென்மையாக இருந்தது. ஆயினும் மீண்டும் இடப்புறம்!

நண்பர் தலைகுனிந்தார். பயிற்சியாளரோ, மூன்று துவக்குகளும் கூடிப்பேசி ஒரே பக்கம் தவறா என்று கூறிச் சிரித்தார். பின்னர் இரு கண்களையும் திறந்தபடி தூரத்து மரமொன்றை விரலாற் சுட்டுமாறும், இடக்கண்ணை மூடுமாறும் சொன்னார். விரல் மரத்தைவிட்டு விலகித் தெரிந்தது. வலக்கண்ணை மூடியபோது நேராக நின்றது. கைகளில் வலக்கை வலியது போலக் கண்களிலும் ஒன்று தலைமை தாங்கும். நண்பருக்கு அது இடக்கண். துவக்கோ வலத்தோளில். ஆகவே குழல்முனை இலக்குக்கு இடப்புறமாகவே திரும்பியது.

துவக்கை இடத்தோளுக்கு மாற்றிப் பிடிக்கச் செய்தார். கை தடுமாறியது. எனினும் நான்காவது வெடியிலே தட்டின் நடுப்புள்ளி கரும்புள்ளிகளால் மறைந்தது.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. திரும்பி வரும்போதே தம் கதையைச் சொன்னார். வன்னியில் அவருடைய தந்தையார் பன்றிக்காவலுக்கு அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருந்தவர். பாடசாலைப் படிப்பு முடிந்த விடுமுறையில் மகனை வயற்கரையில் நிறுத்தி, பழைய ஓலைப்பெட்டியை இலக்காக வைத்தார். ஐந்து தோட்டாக்களும் வீணாயின. "உனக்குக் குறி வராது தம்பி, நீ பேனையைப் பிடி" என்று சொல்லித் துவக்கை வாங்கிக்கொண்டாராம். "ஐயா கோபத்திலே சொல்லவில்லை. ஆனால் நாற்பது வருடமாக அதை நான் நம்பியிருந்தேன். இன்று அவர் உயிரோடிருந்தால் இரவே தொலைபேசியிற் சொல்லியிருப்பேன்" என்றார்.

அன்று நண்பர் எதனையும் வாங்கவில்லை. முதலில் இடத்தோள் பழகட்டும் என்று பயிற்சியாளரே தடுத்துவிட்டார். ஒரு மாதத்தின் பின் இடத்தோளுக்கேற்பப் பிடங்கு வளைந்த எளிய துவக்கொன்றைத் தெரிந்தெடுத்து, நாற்பது யார் தொலைவிற் சோதித்தோம். முப்பதங்குல வட்டத்தினுள் எத்தனை சன்னம் விழுகிறது என எண்ணுவதே அச்சோதனை. முனை குறுகாத குழலில் நூற்றுக்கு நாற்பதும், நன்கு குறுகிய குழலில் எழுபதும் விழுதல் பொது வழக்கு. 1875ஆம் ஆண்டில் 'த பீல்ட்' சஞ்சிகை இலண்டனில் நடத்திய போட்டியில், பேர்மிங்ஹாம் கிரீனரின் முனைகுறுகிய குழல்கள் வென்றதும் இவ்வாறு எண்ணிப் பார்த்தே. ஓடிச்செல்லும் காட்டுவிலங்குக்குச் சன்னம் சிதறிக் காயம் மாத்திரம் பட்டால், அது பற்றைக்குள் கிடந்து துடித்துச் சாகும். எண்ணிப் பார்ப்பதில் அந்த இரக்கமும் அடங்கியுள்ளது.

வாசகர்கள் துவக்கு வாங்காதிருக்கலாம். எனினும் வீட்டு முற்றத்தில் நின்று தென்னையொன்றை விரலாற் சுட்டிக் கண்ணைச் சோதித்துப் பார்க்கலாம். ஐந்து முறை தவறிய பிள்ளையிடமிருந்து கருவியைப் பறிக்குமுன், அது அப்பிள்ளையின் அளவுக்கு அமைந்ததுதானா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.