மோட்டார் எரிவது ஏன்? கம்பியில் தொலையும் வோல்டேஜைக் கணக்கிடுவீர்!

கும்பப்பூ அறுவடை முடிந்து, பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய்களில் நின்று போனால், நாஞ்சில் நாட்டுச் சிறு விவசாயிக்குக் கிணறும் பம்புசெட்டும்தான் துணை. பங்குனி, சித்திரை வெயிலில் வாழைக்கும் பூந்தோட்டத்துக்கும் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய சமயத்தில் மோட்டார் காயில் கருகிப் போனால், ரீவைண்டிங் செலவு ஒருபுறம், வாழைக்குலை சிறுத்துப் போகும் நஷ்டம் மறுபுறம். விவசாய மின்சாரம் இலவசமாகக் கிடைக்கலாம். ரீவைண்டிங் இலவசமாகக் கிடைக்காது.

காயில் எரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. மீட்டர் பலகையிலிருந்து கிணறு வரை மெல்லிய கம்பியை இழுத்திருப்பது அவற்றுள் முக்கியமானது. இதைக் கண்டுபிடிக்கப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

கால்வாயும் கம்பியும்

அனந்தனார் கால்வாயில் தலைமடையில் நீர்மட்டம் உயர்ந்து நிற்கும். வழியில் வாய்க்கால் ஒடுங்கி, பாசி அடைத்திருந்தால் கடைமடையில் மட்டம் தாழ்ந்து போகும். மின்சாரமும் ஏறக்குறைய அப்படித்தான். நீர்மட்டத்தைப் போன்றது மின் அழுத்தம். இதை வோல்ட் கணக்கில் அளக்கிறோம். ஓடும் நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம். இது ஆம்பியர் கணக்கு. வாய்க்காலின் அடைப்பைப் போன்றது மின் தடை. இது ஓம் கணக்கு. 1827-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஓம் வெளியிட்ட விதி இம்மூன்றையும் இணைக்கிறது. மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டே:

வோல்டை ஆம்பியரால் வகுத்தால் தடை (ஓம்).
வோல்டை ஆம்பியரால் பெருக்கினால் திறன் (வாட்).

ஒரு கணக்கு

மீட்டர் பலகையிலிருந்து 100 மீட்டர் தூரத்தில் கிணறு இருப்பதாகக் கொள்வோம். சிறிய சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடிக் கொண்டிருக்கிறது. பலகையில் 220 வோல்ட். மோட்டாரின் முனையில் 200 வோல்ட். மின்னோட்டம் 8 ஆம்பியர். அப்படியானால் கம்பியிலேயே 20 வோல்ட் தொலைந்து விட்டது.

20-ஐ 8-ஆல் வகுத்தால் 2.5. கம்பியின் தடை சுமார் 2.5 ஓம்.
20-ஐ 8-ஆல் பெருக்கினால் 160. அதாவது 160 வாட் மின்சாரம் தண்ணீர் இறைக்காமல் கம்பியைச் சூடாக்கியே வீணாகிறது.

1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியைப் போட்டால் இந்த நிலைமைதான் ஏற்படும். போக 100, வர 100 என்று மொத்தம் 200 மீட்டர் கம்பி என்பதை மறக்கக் கூடாது. இதற்குப் பதில் 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டால் தடை ஒரு ஓமுக்கும் கீழே வந்து விடும். தொலைவது 7 அல்லது 8 வோல்ட் மட்டுமே. அலுமினியக் கம்பியானால் அதே பலனுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் பருமன் வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் நேரமே ஆபத்து

ஓடும் மோட்டாரின் 200 வோல்டை 8-ஆல் வகுத்து, 25 ஓம் என்பது காயிலின் தடை என்று எண்ணி விடக் கூடாது. நிறுத்திய மோட்டாரின் காயிலை அளந்தால் மிகக் குறைவாகவே காட்டும். மோட்டார் சுழலும்போது உள்ளேயே ஓர் எதிர் அழுத்தம் உண்டாகி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது.

ஸ்டார்ட் செய்யும் கணத்திலும், பம்பு அடைத்து நின்றாலும் இந்த எதிர் அழுத்தம் இராது. அப்போது மோட்டார் 5, 6 மடங்கு மின்சாரம் இழுக்கும். 40 ஆம்பியர் ஓடினால், 2.5 ஓம் கம்பியில் 100 வோல்ட் தொலையும்! மீதியைக் கொண்டு மோட்டார் கிளம்ப முடியாமல் உறுமிக் கொண்டே நிற்கும். காயில் கருகுவது அப்போதுதான். உறுமல் கேட்டால் உடனே சுவிட்சை அணைத்து விட வேண்டும்.

மோட்டாரின் திறனைக் கணக்கிடும்போது வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கி, மேலும் 'பவர் பாக்டர்' எனும் எண்ணாலும் பெருக்க வேண்டும். இது சுமார் 0.8 முதல் 0.9 வரை இருக்கும். எனவே மேற்கண்ட மோட்டார் வாங்குவது 1,600 வாட் அல்ல. ஏறக்குறைய 1,300 முதல் 1,400 வாட். மூன்று பேஸ் மோட்டாருக்கு இத்துடன் 1.73-ஆலும் பெருக்க வேண்டும்.

முறுக்கிய இணைப்பு

வெறுமனே முறுக்கி நாடா சுற்றிய இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலும், 8 ஆம்பியர் ஓடும்போது 4 வோல்ட் தொலையும். 32 வாட் வெப்பம் விரல் நுனியளவு இடத்தில் சேரும். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலே 25 வாட்தான்! செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கினால் இணைப்பு விரைவில் அரித்துக் கெடும்.

செய்ய வேண்டியவை

1. மோட்டார் ஓடும்போதே இரு முனைகளிலும் வோல்டை அளக்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே அளப்பது நல்லது. ஈரக் கையோடு எதையும் தொடக் கூடாது.

2. இரு அளவுகளுக்கும் இடையே நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கம்பியையும் இணைப்புகளையும் மாற்ற வேண்டும்.

3. மீட்டர் பலகையிலேயே வோல்ட் குறைவாக இருந்தால் பருத்த கம்பியால் பயனில்லை. எந்த நேரத்தில் எவ்வளவு வோல்ட் என்று சில நாள் குறித்து, பிரிவு மின் அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். எண்ணோடு சொன்ன புகாருக்கு வலு அதிகம்.

4. இணைப்புகளுக்குச் சரியான கிளாம்பும், மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலேயும், நல்ல எர்த்தும் அவசியம்.

கோடைப் பாசனம் தொடங்குமுன் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து விடுங்கள். கம்பிக்கு ஒருமுறை செய்யும் செலவு பல ஆண்டு நிற்கும். காயில் கட்டும் செலவோ கருகும் போதெல்லாம் திரும்பி வரும்.