குலுக்கலுக்குக் காரணம் ஷாக் அப்சார்பர் மட்டும்தானா?

"வண்டி முன்ன மாதிரி இல்லைங்க, சின்னக் குழிக்கே தூக்கிப் போடுது" என்று யாராவது சொன்னால், பக்கத்தில் இருப்பவர் உடனே "ஷாக் அப்சார்பர் போயிருக்கும்" என்பார். போயிருக்கலாம். ஆனால் அதைக் கழற்றுவதற்கு முன், இந்த டீ ஆறுவதற்குள் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுவோம். டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது? அந்த டயர் வண்டியோடு வந்த அளவுதானா?

வண்டியின் கனத்தைப் பெரும்பாலும் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. 1,200 கிலோ காரில் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 300 கிலோ. காற்று 33 பிஎஸ்ஐ என்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ அழுத்தம். வகுத்துப் பாருங்கள், 130 சதுர சென்டிமீட்டர் வரும். விரல்களைச் சேர்த்து விரித்த ஒரு கையளவு இடம்தான் தரையைத் தொடுகிறது. மழையில் பிரேக் போடும்போது நாம் நம்பியிருப்பது அந்த நான்கு கையளவைத்தான்.

'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று 40 வைத்தால் அந்த இடம் சுருங்கும். டயர் அமுங்கிக்கொடுக்காது, சாலையில் கிடக்கும் ஜல்லிகூட இருக்கையில் தெரியும். டயர் நடுவில் மட்டும் தேயும். குறைத்து வைத்தால் வண்டி மெத்தென்று போவதுபோல் இருக்கும், ஆனால் ஆபத்து இதில்தான் அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது, சூடேறுகிறது. நல்ல வெயிலில், ஆட்களும் சாமானும் நிறைந்த வண்டி பைபாஸில் வேகமாகப் போகும்போது டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்டியரிங் கனப்பதும் மைலேஜ் குறைவதும் அதற்கு முன்பே தெரியும் அறிகுறிகள்.

சரியான அளவு எது? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருப்பதுதான். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். ஆள் நிறைய ஏறினால் வைக்க வேண்டிய அளவும் பெரும்பாலும் அதிலேயே உண்டு. டயரின் மேலேயே 44, 51 என்று போட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். அதை வைக்கச் சொல்லவில்லை.

டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். காலையில் 33 வைத்த டயர், வெகுதூரம் ஓடியபின் 37 காட்டும். கூடிவிட்டதே என்று காற்றை இறக்கினால், ஆறியபின் 29-இல் நிற்கும்.

இனி அளவு. டயரில் 185/65 ஆர்15 என்று இருக்கிறதா? 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம் என்பது, அதாவது 120 மில்லிமீட்டர். 15 என்பது அங்குலத்தில் ரிம். இதைக் கழற்றிவிட்டு 205/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான், 621-க்குப் பதில் 616. ஆனால் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டராகிவிடுகிறது. குழியில் விழும்போது அமுங்கிக்கொடுக்க வேண்டிய உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது! வளைவில் வண்டி ஸ்டியரிங் சொல்படி சட்டென்று திரும்பும், உண்மைதான். பார்க்கவும் எடுப்பாக இருக்கும். நம் ஊர்க் குழிகளில் ரிம் நெளிவதும் பக்கச்சுவர் புடைப்பதும் அதற்கான விலை. பெரிய ரிம்மும் டயரும் பெரும்பாலும் கனமும் கூட; அதனால் ஷாக் அப்சார்பருக்கும் வேலை கூடும்.

1887-88-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்ததே, மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடட்டும் என்பதற்காகத்தான். அந்தக் காற்றுக்கு இடம் குறைந்தால் சொகுசும் குறையும். அன்றாடம் குடும்பத்தோடு போய்வருபவர்களுக்கு, வண்டியோடு வந்த அளவே நல்லது என்பேன்.

பஞ்சர் இல்லாத டயரிலும் மாதம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். ஆகவே மாதம் ஒருமுறையாவது, வீட்டுக்குப் பக்கத்துப் பங்கிலேயே காற்றைப் பாருங்கள். ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள்.