உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸ் தந்தவருக்கு வந்த மரியாதைகள்

● பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்ட் 25 அன்று தான் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக இணையத்தில் அறிவித்தார். சும்மா பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்கிற தொனியில்தான் அந்த அறிவிப்பு இருந்தது. அப்போது அவருக்கு வயது 21.

● தன் பெயரையே வைத்தால் தற்பெருமையாகிவிடும் என்று கூச்சப்பட்டு, 'ஃப்ரீக்ஸ்' என்று பெயரிட நினைத்திருந்தார். கோப்புகளை சர்வரில் ஏற்ற உதவிய ஆரி லெம்கேவுக்கு அது பிடிக்கவில்லை. அவரே 'லினக்ஸ்' என்று மாற்றிவிட்டார். லினஸுக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்!

● லினஸ் படித்த ஹெல்சின்கி பல்கலைக்கழகமே 2000-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம் ஓராண்டு முன்பே, 1999-இல், முந்திக்கொண்டது.

● செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் 9793-ஆம் எண் சிறுகோளின் பெயர் 'டோர்வால்ட்ஸ்'. 'லினக்ஸ்' என்ற சிறுகோளும் உண்டு, எண் 9885.

● கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் பெயரில் இருக்கும் சிறுகோளின் எண் 9882. அவருடைய 'க்னூ' என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டம் 1983-இல் அறிவிக்கப்பட்டது. லினக்ஸுக்கு எட்டு வருடம் மூத்தது. லினக்ஸ் வெளியாவதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் மெக்ஆர்தர் நல்கை அவருக்குக் கிடைத்துவிட்டது. 2001-இல் ஜப்பானின் டகேடா விருதை ஸ்டால்மன், லினஸ், கென் சகாமுரா மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

● பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு 2012-இல் லினஸைத் தேடி வந்தது. மொத்தத் தொகை 12 லட்சம் யூரோ. அதில் சரிபாதி பெற்றவர் ஜப்பானின் ஸ்டெம் செல் ஆய்வாளர் ஷின்யா யமனாகா. அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

● ஊர்கூடி இழுத்த தேர் லினக்ஸ். விருது மேடையில் ஏறுவது ஒருவர்தான். பின்னால் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒருமுறை மரியாதை கிடைத்தது. 2021-இல் செவ்வாயில் பறந்த 'இன்ஜெனுவிட்டி' ஹெலிகாப்டரில் ஓடியது லினக்ஸ்தான். அதில் பயன்பட்ட திறமூல மென்பொருள்களுக்குப் பங்களித்த ஏறத்தாழ 12,000 பேருக்கு, நிரல்களைப் பகிர உதவும் கிட்ஹப் தளம் அவரவர் பக்கத்தில் சிறப்புப் பதக்கச் சின்னம் சேர்த்தது.

● 2017 நவம்பர் முதல், உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் இடம்பெறுபவை எல்லாமே லினக்ஸில்தான் இயங்குகின்றன.

● உங்களுடையது ஆண்ட்ராய்டு போனா? செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் 'கெர்னல் பதிப்பு' என்று ஓர் எண் இருக்கும். அது லினக்ஸின் எண். ஒரு பைசா கொடுக்காமல் நீங்களும் லினக்ஸ் வாடிக்கையாளர்தான்!