படிவத்தில் ஒரு கட்டம்

அமெரிக்காவில் ஓர் ஆண்டில் எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். ஒன்று, காவல் துறைகள் அனுப்பும் தகவலை வைத்து எஃப்.பி.ஐ. சொல்வது; அனுப்பாத துறைகளும் உண்டு. இன்னொன்று, இறப்புச் சான்றிதழ்கள் சொல்வது. இறந்த ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் எழுதியே ஆகவேண்டும் என்பதால், இதில் விடுபடுவோர் மிகக் குறைவு.

அந்தச் சான்றிதழில் 'இறப்பின் விதம்' என்ற இடத்தில் ஆறு கட்டங்கள்: இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, விசாரணை முடியவில்லை, தீர்மானிக்க இயலவில்லை. மருத்துவர் 'கொலை' என்று குறித்தால், இன்னொருவர் செயலால் உயிர் போனது என்று மட்டுமே பொருள்; குற்றமா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. கொன்றவரைப் பற்றிச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. இறந்தவரின் வயது, படிப்பு, தொழில், மணமானவரா என்பதையெல்லாம் கேட்கிறது. ஆய்வாளர்களுக்கு அதுதான் புதையல்.

2003-இல் திருத்திய மாதிரிப் படிவத்தில் பெண்களுக்காக ஒரு கேள்வி சேர்ந்தது: இறந்தபோது, அல்லது அதற்கு முந்தைய ஓராண்டில், கருவுற்றிருந்தாரா? பிரசவ மரணங்களைச் சரியாக எண்ணத்தான் அதைச் சேர்த்தார்கள். கொலையைப் பற்றிய எண்ணமே அதில் இல்லை. மாநிலங்கள் எல்லாம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. பிறகு 2018, 2019 ஆண்டுகளின் பதிவுகளை அலசியபோது தெரியவந்தது நெஞ்சை உலுக்குகிறது. கர்ப்ப காலத்திலும் அடுத்த 42 நாட்களிலும் ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தம், தொற்று ஆகிய ஒவ்வொன்றாலும் இறந்தவர்களைப் போல் இரு மடங்குக்கும் மேலான பெண்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். கேட்டதால்தான் தெரிந்தது.

கேட்காத இடத்தில் நடப்பதையும் பார்க்க வேண்டும். 'காயம் எப்படி ஏற்பட்டது' என்ற வரியில் 'காவலர் சுட்டார்' என்று மருத்துவர் எழுதினால் அந்த மரணத்துக்குத் தனிக் குறியீடு. 'சுடப்பட்டார்' என்று மட்டும் எழுதினால் அது சாதாரணக் கொலைகளோடு கலந்துவிடும். காவலரின் பங்கு அந்தக் கணக்கில் தெரியாது. 2021-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, செய்திகளிலிருந்து திரட்டிய பட்டியல்களோடு சான்றிதழ்களின் கணக்கை ஒப்பிட்டது. 1980 முதல் 2018 வரை காவல் துறையின் வன்முறையில் இறந்தோரில் பாதிக்கும் மேல், சுமார் 17,000 பேர், அரசின் இறப்புக் கணக்கில் அந்த வகையில் சேரவே இல்லை என்பது அதன் மதிப்பீடு.

இறப்பு காவலில் நேர்ந்ததா என்று கேட்கும் கட்டம் ஒன்றைச் சான்றிதழில் சேர்க்க வேண்டும் என்கிறார் தடயவியல் மருத்துவர் ரோஜர் மிட்செல். கர்ப்பத்தைக் கேட்ட கட்டம் என்ன செய்தது என்று பார்த்த பிறகு அந்த யோசனையை மறுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.