பளபளப்பு மட்டும் போதுமா? எஞ்சின் சூட்டையும் கவனிப்போம்!

தோட்டப்புறத் தோழர்களே!

தைப்பூசம் நெருங்கினால் தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் மோட்டார்சைக்கிள்கள் எல்லாம் புது மாப்பிள்ளை ஆகிவிடும். புதுச் சாயம், புது விளக்கு, கண்ணைப் பறிக்கும் சைலன்சர். சிலர் பாலத்தைக் கடந்து தண்ணீர்மலைக்குப் போவார்கள். 2019 முதல் மோட்டார்சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் கூடக் கிடையாது. இன்னும் சிலர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் பத்துமலைக்கே போய்விடுவார்கள். நல்ல காரியந்தான். ஆனால் வண்டியின் அழகைப் பார்க்கிற கண், எஞ்சினின் சூட்டைப் பார்க்கிறதா?

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம். சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிற எங்களுக்கு ஒரு பழைய கப்சாய்தான் துணை. பல வருஷங்களுக்கு முன், அது பெரிய வண்டி மாதிரித் தெரிய வேண்டுமென்று ஆசைப்பட்டு, முன்பக்கம் ஒரு தகரப் பலகையும் இரண்டு பெரிய விளக்கும் மாட்டினோம். எஞ்சினுக்குக் கறுப்புச் சாயம், அதுவும் மூன்று பூச்சு! "அண்ணே, வண்டி ஜோரா இருக்கு!" என்றார்கள் தம்பிமார்கள். எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை.

ஈப்போ பக்கம் ஒரு கூட்டத்திற்குப் புறப்பட்டோம். தைப்பிங்கைத் தாண்டியதும் வண்டி இழுக்க முடியாமல் திணறியது. "இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்று முறுக்கினோம். படக்கென்று எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் சுற்றாமல் தேய்த்துக்கொண்டே போயிற்று. பின்னால் லாரி. ரோட்டோரப் புல்லில் போய் விழுந்ததால்தான் இன்று இதை எழுத உயிரோடு இருக்கிறோம். பிஸ்டன், சிலிண்டர் மாற்றியதில் அந்த மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. வீட்டில் வாங்கிய ஏச்சு தனிக் கணக்கு. குற்றம் வண்டி செய்தவன் மேல் இல்லை. எங்கள் மேல்தான்.

ஏன் அப்படி ஆனது? பெட்ரோல் எரிந்து உண்டாகும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதிச் சூடு சைலன்சர் வழியாகவும் எஞ்சினின் உடம்பு வழியாகவும் வெளியேறியாக வேண்டும். கப்சாயின் சிலிண்டர் முன்சக்கரத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. அதைச் சுற்றி விலா எலும்பு போல் தகடுகள். முன்னாலிருந்து வரும் காற்று அவற்றில் பட்டுச் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. நாங்களோ பலகை வைத்து அந்தக் காற்றையே அடைத்துவிட்டோம். கனமான சாயம் கம்பளி போர்த்தியது போல் ஆயிற்று.

கப்சாய் நமக்குப் புதிய வண்டி அல்ல. ஹோண்டா கம்பெனி 1958-இல் சூப்பர் கப் வண்டியை வெளியிட்டது. பஸ் பட்டறை வேலையிலிருந்து முன்னேறிய பினாங்கு வியாபாரி லோ பூன் சியூ, ஹோண்டாவை இந்நாட்டில் பரப்பினார். 2017-க்குள் உலகம் முழுவதும் பத்துக் கோடி கப் வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. பக்கத்துக் கெடாவில், கூருனில் மோடெனாஸ் தொழிற்சாலை 1996-இல் 'கிரிஸ்' வண்டியை இறக்கியது. காற்றிலேயே குளிர்கிற எளிய எஞ்சின்கள் இவை. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் நம்மோடு உழைப்பவை.

சரி, அழகும் வேண்டும், எஞ்சினும் நிலைக்க வேண்டும். என்ன செய்யலாம்?

தகடுகளுக்கு இடையில் அடைந்த செம்மண்ணையும் காய்ந்த ரப்பர்ப் பாலையும் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்யுங்கள். ஆனால் சூடான எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். வண்டி ஆறட்டும், பிறகு கழுவலாம்.

எஞ்சினுக்குச் சாயம் அடிப்பதானால் சூடு தாங்கும் சாயத்தை மெல்லிசாக அடியுங்கள். எஞ்சின் நம்பரை மூடிவிடாதீர்கள். வண்டியின் நிறத்தையே மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும்.

சைலன்சர் குழாய் எஞ்சின் அருகே மஞ்சளாகி நீலம் பாய்வது உண்டு. கொஞ்சம் நிறம் மாறுவது சகஜம். சீக்கிரத்தில் கருநீலமானால் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேய்த்து மெருகேற்றினால் கறை போகும், காரணம் போகாது.

எஞ்சின் எண்ணெய் வழவழப்புக்கு மட்டுமல்ல, சூட்டைச் சுமந்து செல்லவுந்தான். தூரப் பயணத்திற்கு முந்தின நாளே அளவு பாருங்கள். மேட்டில் கியரைக் குறையுங்கள். வண்டி திணறினால் நிறுத்தி, நிழலில் ஒரு தேத்தண்ணீர் குடியுங்கள்.

இன்றைய பிள்ளைகள் ஓட்டும் ஒய்15, ஆர்எஸ்150 போன்றவை தண்ணீரால் குளிர்பவை. அவற்றின் ரேடியேட்டருக்கு முன்னால் கொடியோ ஸ்டிக்கரோ கட்டி மறைக்கக் கூடாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

கடைசியாக ஒன்று. சைலன்சரின் மேல் இருக்கும் காப்புத் தகட்டை அழகுக்காகச் சிலர் கழற்றிவிடுகிறார்கள். லயத்து வாசலில் விளையாடும் பிள்ளையின் கெண்டைக்கால் அல்லவா அதில் ஒட்டிக்கொள்கிறது! அப்படிச் சுட்டுவிட்டால் பற்பசை, கிச்சாப் எதையும் பூசாதீர்கள். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கொப்புளம் பெரிதானால் கிளினிக்கிற்குக் கொண்டு போங்கள்.

வண்டி பளபளக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஊரார் பார்த்து மெச்சுவது ஒரு நிமிடம். பத்திரமாகத் திரும்பி வர வேண்டுமென்று வீட்டில் ஒருத்தி இரவெல்லாம் விழித்திருக்கிறாள். புறப்படும் முன் குனிந்து அந்த எஞ்சினையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள், தோழர்களே!