எது மல்லிகை? எது முல்லை?

நம் வீடுகளில் பூ இல்லாத நாள் ஏது? காலையில் பூஜைக்குப் பூ. மாலையில் தலைக்குப் பூ. கல்யாணம் என்றால் கூடை கூடையாகப் பூ. கடைசியில் மனிதனை வழியனுப்பி வைப்பதும் பூமாலைதான். இவ்வளவு நெருங்கிப் பழகும் பொருளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஒரு தாம்பாளத்தில் பத்து வகைப் பூக்களையும் பச்சிலைகளையும் வைத்துக்கொண்டு, வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டுப் பாருங்கள். மல்லிகை, ரோஜா, தாமரை ஆகிய மூன்றும் தடையின்றி வரும். மற்றவையெல்லாம் "ஏதோ மஞ்சள் பூ", "ஏதோ பச்சை" என்றே முடிந்துவிடும். குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. பெரியவர்களில் பலருக்கும் இதே கதிதான்.

பெயர் தெரியாவிட்டால் வாசனை குறைந்துவிடுமா என்று சிலர் கேட்கலாம். குறையாது. ஆனால், பெயர் மறைந்தால் அதனோடு சேர்ந்த அறிவும் மறையும். அந்த அறிவு சில சமயங்களில் உயிரையே காப்பதாகவும் இருக்கும்.

பூக்களுக்குப் பெயர் சூட்டுவதில் தமிழருக்கு இணையாக மற்றொரு சமூகத்தைச் சொல்வது எளிதன்று. பூக்கும் இடத்தை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள்: மரக்கிளையில் பூப்பது கோட்டுப்பூ, கொடியில் பூப்பது கொடிப்பூ, நீரில் பூப்பது நீர்ப்பூ, தரையை ஒட்டிய செடிகளில் பூப்பது நிலப்பூ. மலரும் பருவத்துக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர் என்று வளர்ந்து, வீ, செம்மல் என்று உதிர்ந்து வாடும் வரையில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர்! கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த பூக்களாகத் தொண்ணூற்றொன்பது பெயர்கள் வரிசையாக வருகின்றன. பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்ட மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர், ஏட்டுப் பிரதிகளில் அந்தப் பூ வரிசையில் சில பெயர்கள் விடுபட்டிருக்கக் கண்டு, தருமபுர ஆதீனத்து ஏட்டுச் சுவடிகளில் தேடி அவற்றை மீட்டார். இரண்டு மூன்று பூப்பெயர்களுக்காக ஒரு பேரறிஞர் அவ்வளவு பாடுபட்டார் என்றால், பெயரின் மதிப்பு எத்தகையது என்பதை நாம் உணரலாம்.

பழந்தமிழர் போருக்கும் பூவையே அடையாளமாகக் கொண்டார்கள். வெட்சி சூடினால் ஆநிரை கவரப் போகிறார்கள் என்று பொருள். கரந்தை சூடினால் மீட்கப் போகிறார்கள். நொச்சி மதில் காப்பதற்கு; வாகை வெற்றிக்கு. பூவின் பெயர் தவறினால் போரின் பெயரே தவறிவிடும்! அந்த வெட்சி எங்கேயும் போய்விடவில்லை. நம் வீட்டு வாசல்களிலேயே கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கிறது. நாம் அதற்கு இட்டிருக்கும் பெயர் 'இட்லிப்பூ'! தேர்தலில் வென்றவர் "வாகை சூடினார்" என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். சாலையோரத்தில், மெல்லிய நூல்களை முடிந்து வைத்தாற்போல் பூத்து, காய்ந்த காய்கள் காற்றில் சலசலக்க நிற்கும் அந்த மரம்தான் வாகை என்று அறிந்தவர் எத்தனை பேர்?

*

இனிப் பூக்கடைக்கு வருவோம். கடையில் முதலில் குழப்பம் விளைவிப்பது 'மல்லி' என்ற சொல். செண்டுமல்லி மெக்ஸிகோ தேசத்திலிருந்து வந்த செடி. மல்லிகைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்ததே; நாம் பூ என்று எண்ணும் அதன் ஊதா நிறம் உண்மையில் பூவைச் சூழ்ந்த செதில்களின் நிறம்; அதனால்தான் வாடினாலும் வாடாததுபோல் இருக்கிறது. மரமல்லி ஓங்கி வளரும் வேறொரு மரம். பவழமல்லி ஒன்றுதான் மல்லிகைக் குடும்பத்துக்குத் தூரத்து உறவு. கடைசியாகக் கொத்தமல்லி ஒன்று இருக்கிறது. நல்ல வேளையாக, அதை யாரும் தலையில் வைத்துக்கொள்வதில்லை.

மெய்யான மல்லிகை இனத்திலேயே நம் கடைகளில் நான்கு பூக்கள் வருகின்றன. நான்கும் வெண்மை, சரமாகத் தொடுத்துவிட்டால் அவசரக் கண்ணுக்கு நான்கும் ஒன்றே. ஆனால் இவற்றின் இலைகளைப் பார்த்தவர் பிறகு ஒரு நாளும் ஏமாற மாட்டார்.

மல்லிகைக்கு ஒற்றை இலை. பெரும்பாலும் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். மொட்டு பருத்து உருண்டிருக்கும். குண்டு மல்லி, அடுக்கு மல்லி எல்லாம் இதன் வகைகளே. 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இதுதான்.

முல்லையின் இலையில் நடுவே ஒரு பெரிய இலையும், அதன் அடியில் இருபுறமும் காது போன்ற இரண்டு சிற்றிலைகளும் இருக்கும். தாவர நூலார் இதற்கு இட்ட லத்தீன் பெயரும் அந்தக் காதையே குறிக்கிறது. மொட்டு சிறியது, மெலிந்தது.

பிச்சிக்கு, அதாவது ஜாதி மல்லிக்கு, இலை இறகு போன்றது. ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் அமைந்திருக்கும். மொட்டு நீண்டு, வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும்.

காக்கடாவுக்கும் ஒற்றை இலைதான். ஆனால் இலையிலும் தண்டிலும் மென்மயிர் படர்ந்திருக்கும், வாசனையும் சொற்பம். விலை கொடுத்து மல்லிகை வாங்கியதாக எண்ணி, "ஏன் மணக்கவில்லை?" என்று வியப்பவர்கள் இதைத்தான் வாங்கியிருப்பார்கள்.

சில பெயர்கள் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தும் விடுகின்றன. சம்பங்கி என்பது தெலுங்கில் செண்பகத்தின் பெயர். செண்பகம் மரம், பூ பொன்னிறம். 1753-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது, இம்மரத்துக்கு நம் நாட்டுப் பெயரையே வைத்து 'மைக்கேலியா சம்பகா' என்றார். இன்றோ, பூக்கடையில் சம்பங்கி என்று கேட்டால் கிடைப்பது வெள்ளை நிறமான வேறொரு பூ. அது மெக்ஸிகோவிலிருந்து வந்த கிழங்குச் செடி. நம் பெரியவர்கள் விவரம் தெரிந்தே அதற்கு 'நிலச்சம்பங்கி' என்று பெயரிட்டார்கள். மரத்தில் பூப்பது சம்பங்கி. நிலத்தில் பூப்பது நிலச்சம்பங்கி. நாம் சோம்பல்பட்டு 'நில' என்ற இரண்டெழுத்தை விட்டுவிட்டோம். அந்த இரண்டெழுத்தோடு ஒரு மரமே நம் நினைவிலிருந்து நழுவிவிட்டது!

*

மாலைக்கு அழகு பூ மட்டும் அன்று, பச்சையும்தான். கதம்பத்தில் வரும் மரிக்கொழுந்தையும் மருவையும் பலர் ஒன்றென எண்ணுகிறார்கள். மரிக்கொழுந்தின் இலை நூல்நூலாகப் பிளந்து, வெள்ளி பூசினாற்போல் வெளுத்திருக்கும். இதற்குத் தவனம் என்றும் பெயர். மருவின் இலையோ பிளவுபடாத சிறு இலை. இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். மருவும் துளசியும் திருநீற்றுப்பச்சையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டைகள் தட்டுப்படும். மரிக்கொழுந்துக்கு அந்தச் சதுரத் தண்டு கிடையாது. அது செவ்வந்தியின் குடும்பம்.

இலைகளை அறிந்த கை என்ன செய்யும் என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கிளியே சாட்சி. மாதுளம்பூவை மூக்காகவும் மரவள்ளி இலைகளை உடலாகவும் வைத்து, நாள்தோறும் புதிதாக அந்தக் கிளியைக் கட்டுகிறார்கள். எந்த இலை மடியும், எந்த இலை ஒடியும் என்று அறியாதவரால் அது ஆகுமா?

இன்று மண்டப அலங்காரங்களில் புதிய பூக்களும் தழைகளும் வந்திருக்கின்றன. அவற்றைக் கண்டு மிரள வேண்டியதில்லை. அவற்றுக்கும் நம் ஊரில் உறவினர் உண்டு. பளபளவென்று சிவந்திருக்கும் ஆந்தூரியத்தின் 'இதழ்' உண்மையில் ஒரு மடல். நடுவே நிற்கும் தண்டில்தான் நுண்ணிய பூக்கள் இருக்கின்றன. அது நம் சேம்புக்கும் சேனைக்கும் குடும்பத்தினன். பூச்செண்டுகளில் மென்பஞ்சு போல் வைக்கும் அஸ்பாராகஸ் தழையைப் பெரணி என்கிறார்கள். பெரணி பூப்பதில்லை, இதுவோ பூத்துக் காய்க்கும். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம் இது. ஜெர்பெராவை உற்றுப் பார்த்தால், சிறு பூக்கள் பல கூடி ஒரு பூப்போல் நிற்பதைக் காணலாம். அதுவும் செவ்வந்திக் குடும்பம்தான்.

*

பெயரறிவு உயிரைக் காக்கும் என்று சொன்னேன். அதை விளக்க வேண்டும்.

பூஜைக்கு நாம் பறிக்கும் அரளியில் இரண்டு வேறு செடிகள் உண்டு. செவ்வரளியும் வெள்ளரளியும் ஓர் இனம். கணுவுக்கு மூன்று மூன்றாக இலைகள் அமைந்திருக்கும். மணி போன்ற பூவுடைய மஞ்சள் அரளி வேறு இனம்; இலைகள் ஒன்று மாற்றி ஒன்றாக ஏறும்; கிள்ளினால் பால் வடியும். இரண்டும் நஞ்சு. இலை, பூ, விதை எல்லாமே இருதயத்தின் துடிப்பைக் குலைக்கும். மஞ்சள் அரளியின் விதை மிகவும் கொடியது. அதன் பச்சைக் காயோ சிறுவர் விளையாட ஆசைப்படும் உருவமுடையது.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் இத்தகையதே. நுனியில் பற்றுக்கம்பி போல் சுருளும் இலையையும், மேல்நோக்கி மடங்கி மஞ்சளும் சிவப்புமாகத் தீப்போல் எரியும் இதழ்களையும் கொண்டு அதை அறியலாம். அயல்நாட்டுப் பூக்கடைகளில் அதற்குப் பெருமதிப்பு. மருந்துக்குரிய கால்ச்சிசின் என்ற பொருளுக்காக ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் அதன் விதையை விளைவிக்கிறார்கள். அதே பொருள் அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். கலப்பைக் கிழங்கு எனப்படும் அதன் கிழங்கை உண்ணும் கிழங்கென்று எண்ணித் தின்பது பெரும் அபாயம்.

குழந்தை எதையோ மென்றுவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினால், டாக்டர் கேட்கும் முதற்கேள்வி, "எதைத் தின்றது?" என்பதுதான். "ஏதோ மஞ்சள் பூச்செடி" என்ற பதிலுக்கும், "மஞ்சள் அரளி விதை" என்ற பதிலுக்கும் உள்ள தூரத்தைத் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயர் தெரியாதபோது, செடியின் ஒரு கிளையையாவது ஒடித்து உடன் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதைத் தேடிக்கொண்டு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

*

பூவை அறிவதற்குப் பெரிய சாஸ்திரப் படிப்பு தேவையில்லை. நான்கு கேள்விகளே போதும். இலை ஒற்றையா, பல சிற்றிலைகளா? கணுவுக்கு எத்தனை, எதிரெதிரா, மாறி மாறியா? தண்டு உருண்டையா, சதுரமா? கிள்ளினால் பால் வடிகிறதா? பூவின் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்; நிறத்தைப்போல் ஏமாற்றுவது வேறொன்றில்லை. பார்த்து முடித்ததும் கைகளை நன்றாகக் கழுவிவிடவும் குழந்தைகளைப் பழக்குங்கள்.

என் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்வதையே வீடுகளுக்கும் சொல்கிறேன். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு சிறு கிளையைப் பூவோடும் இலையோடும் பத்திரிகைத் தாளுக்கிடையே அழுத்தி உலர்த்தி ஒட்டுங்கள். அடியில் ஊரும் தேதியும் எழுதி, பாட்டி சொல்லும் பெயர், பூ விற்கும் அம்மாள் சொல்லும் பெயர், புத்தகம் சொல்லும் பெயர் மூன்றையும் குறியுங்கள். மூன்றும் ஒத்தால் நல்லது. ஒவ்வாவிட்டால் இன்னும் நல்லது. அங்கேதான் விசாரணை தொடங்குகிறது.

ஒரு வருஷத்தில் ஐம்பத்திரண்டு செடிகள். இரண்டு வருஷத்துக்குள் உங்கள் வீட்டுக் குழந்தை கபிலரின் தொண்ணூற்றொன்பதைத் தாண்டிவிடும்.